பூநாரை வருவதற்கு முன்னால்: ராமநாதபுரக் கடலோரம், புரட்டாசி

ராமேஸ்வரம் பக்கம் பறவை பார்க்கப் போகிறேன் என்றால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, பூநாரை வந்துவிட்டதா என்பதுதான். இன்னும் வரவில்லை. மழை பெய்து ஓய்ந்த பிறகு, மார்கழி வாக்கில்தான் அவை கூட்டம் கூட்டமாக இறங்கும். நான் போனது அதற்கு வெகு முன்னால். ஆர்க்டிக் ஓரத்திலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் திபெத்தியப் பீடபூமியிலிருந்தும் புறப்பட்ட சின்னக் கரைப்பறவைகள் இங்கே வந்து இறங்கிக்கொண்டிருக்கும் நாட்கள் இவை. சென்னையில் அடையாறு முகத்துவாரத்திலும் பள்ளிக்கரணையிலும் வருஷா வருஷம் இவற்றைப் பார்த்து வருகிறேன். அங்கே ஒரு பக்கம் பாலம், ஒரு பக்கம் குப்பை, நடுவில் கொஞ்சம் சேறு. அதே பறவைகளை ஒரு முழுக் கடலோரத்தில் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. அன்றன்று ராத்திரி எழுதியதை அப்படியே தருகிறேன்.

2025 அக்டோபர் 9, வியாழன். பாம்பன், ராமேஸ்வரம்

மதுரையிலிருந்து பஸ். பரமக்குடி தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், இடையிடையே பனை, வெடித்துக் கிடக்கும் கண்மாய். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். இன்னும் காய்ச்சல்தான் நடக்கிறது. ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலமும், இந்த ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி மேலே தூக்கிக்கொள்ளும் புதிய பாலமும் அருகருகே தெரிந்தன. ஒரு பாட்டி தன் பேரனைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்து, "நீ பாத்துக்கத்தா, எனக்குக் கை வலிக்குது" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குக் கும்பிடு போட்டார். அறிமுகம், அனுமதி ஒன்றும் கிடையாது. அந்தப் பையனும் அலட்டிக்கொள்ளவில்லை.

பாலம் இறங்கியதும் மின்கம்பிகள். அதில் வரிசையாக நீலவால் பஞ்சுருட்டான்கள். பஸ் வேகத்தைக் குறைத்த இடத்தில் ஒன்று கம்பியிலிருந்து இறங்கி, தும்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி, கம்பியில் இரண்டு தட்டுத் தட்டியது. கொஞ்சம் தள்ளித் தகைவிலான்கள், இருநூறாவது இருக்கும்.

விடுதியில் குளிர்சாதன அறை 1,400 ரூபாய். மேலாளர் என் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு, "இப்ப வந்துட்டீங்களே மேடம், டிசம்பர்ல வந்திருந்தா பூநாரை பார்க்கலாம்" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். சிறுசுகளைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் தலையாட்டினார், நம்பினாரா என்று தெரியவில்லை. ராத்திரி இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் 60 ரூபாய். கோயில் தெரு முழுக்க ஈரத்துணியோடு வடநாட்டு யாத்ரீகர்கள்.

அக்டோபர் 10, வெள்ளி. கோதண்டராமர் கோயில் பக்கம்

காலை ஐந்தரைக்கு வர வேண்டிய வாடகைக் கார் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஆறே காலுக்கு வேறு சவாரி வந்துவிட்டதாக ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. கொடுத்த முன்பணம் ஐந்நூறும் இதை எழுதும் வரை திரும்பவில்லை. கரைப்பறவை பார்க்கிறவர்களுக்குக் காலை ஒரு மணி நேரம் போனால் போனதுதான், அதனால் கோபம் வந்தது.

தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரர் காப்பாற்றினார். ஐம்பது வயது இருக்கும். "எழுநூறு குடுங்கக்கா. நீங்க எம்புட்டு நேரம் வேணாலும் நில்லுங்க, நா அங்கிட்டு நெழல்ல படுத்துக்கிருவேன்." என்னைவிட மூத்தவர் என்னை அக்கா என்றார், நான் அவரை அண்ணே என்றேன்.

தனுஷ்கோடிச் சாலையிலிருந்து கோதண்டராமர் கோயிலுக்குப் பிரியும் வழியில் ஆழமில்லாத தண்ணீரும் சேறும் பரந்து கிடக்கின்றன. இந்தக் கடலில் ஏற்றவற்றம் அதிகம் கிடையாது. முழு அளவுக்கு வற்றினாலும் ஒரு மீட்டர்கூடத் தேறாது. ஆனால் தரை அத்தனை தட்டை. ஒரு சாண் தண்ணீர் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு வெளியே வந்துவிடும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதும் கணக்கில் சேரும். தென்மேற்குக் காற்றான கச்சான் ஓய்ந்து, வடக்கிலிருந்து வரும் வாடை தொடங்காத நாட்கள் என்பதால் இன்றைக்குக் காற்றே இல்லை. பௌர்ணமி கழிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, நன்றாக வற்றியிருந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பழுப்புச் சேறுதான். தொலைநோக்கியை வைத்த பிறகுதான் அந்தச் சேறு முழுக்க நகர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. மணல் உப்புக்கொத்திகள் ஓடி, நின்று, ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கொசு உள்ளான்கள் தலை நிமிராமல் குத்திக்கொண்டே போகின்றன. ஒன்றின் எடை முப்பது கிராம் வாக்கில்தான் இருக்கும், அதுதான் வடதுருவப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. அப்புறம் வளைமூக்கு உள்ளான்கள், வயிறு நனையும் ஆழத்தில் நின்று மூக்கை முழுசாக உள்ளே விட்டுத் துழாவின.

ஒன்று சாலை ஓரம் வரை வந்தது. இருபதடி தூரம்கூட இல்லை. அதன் முதுகுச் சிறகு ஒவ்வொன்றுக்கும் வெளிறிய விளிம்பு, மீன் செதில் அடுக்கி வைத்தது போல. மார்பில் லேசான மஞ்சள் சாயல். அப்படியிருந்தால் அது இந்த வருஷக் குஞ்சு. இந்த இனத்தில் ஆண்கள் கூடுகட்டும் இடத்தை விட்டு முதலில் கிளம்பிவிடும். பிறகு பெண்கள் கிளம்பும். குஞ்சுகள் கடைசியாக, வழிகாட்ட ஒருவரும் இல்லாமல் புறப்படும். ஜூலையில் சைபீரிய தூந்திரத்தில் முட்டையிலிருந்து வெளிவந்தது, வழி தெரிந்த பெரியவர் ஒருவரும் உடன் வராமல், அக்டோபரில் ராமேஸ்வரம் சேற்றில் நிற்கிறது. இதைப் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்தச் செதில் முதுகை இருபதடியில் பார்க்கிறபோது தொண்டை அடைத்தது.

ஒன்பது மணிக்கு வண்டிகள் வர ஆரம்பித்தன. அதுவரை அந்தச் சேற்றில் மனிதர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். இரண்டு பேர் முழங்கால் தண்ணீரில் வலை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் நடக்க நடக்கப் பறவைகள் நாலடி ஒதுங்கி வழிவிட்டன, அவர் கடந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. ஒன்றுகூடப் பறக்கவில்லை. அப்புறம் ஒரு குடும்பம் வந்தது. அப்பா போனைத் தூக்கிப் பிடிக்க, பிள்ளைகள் இரண்டும் கூட்டத்தை நோக்கி நேராக ஓடின. மொத்தக் கூட்டமும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது. வீடியோ சரியாக வரவில்லை போல, மறுபடி ஓட்டம். மூன்றாவது தடவை பறவைகள் திரும்ப இறங்காமல் தெற்கே போய்விட்டன.

நான் போய்ப் பேசினேன். "சார், இதுங்க ஆயிரக்கணக்கான மைல் பறந்து இப்பதான் வந்திருக்கு. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் தின்னது வீணாப் போயிடும்" என்றேன். அவர் முகம் மாறியது. "ஐயையோ, தெரியாதுங்க" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டார். அந்தப் பெண் குழந்தை என் தொலைநோக்கி வழியாகப் பார்த்துவிட்டு, "அம்மா, அதுக்கு முட்டி பின்னாடி மடங்குது" என்று கத்தினாள். அது கணுக்கால் என்று சொல்லிக்கொடுத்தேன்.

கடந்த ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பெரிய பூநாரை சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் பூநாரை பெரிய பறவை. கூட்டமாக நின்றால் யாரும் சொல்லாமலே வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். அதே சேற்றில் அதற்கு முன்பே வந்து பசியோடு நிற்கும் இந்தப் பழுப்புச் சிறுசுகள் யார் கண்ணிலும் படுவதில்லை. எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: செப்டம்பரிலிருந்தே, தண்ணீர் வற்றும் நேரத்தில், சுற்றுலா வருகிறவர்கள் சேற்றில் இறங்காமல் சாலையிலிருந்தே பார்க்கும்படி செய்ய முடியாதா? வலைக்காரர்களைத் தடுக்க ஒரு அவசியமும் இல்லை. அவர்களைப் பறவைகளுக்குத் தெரியும்.

அக்டோபர் 11, சனி. அரிச்சல்முனை

இன்றைக்கு உலக வலசைப் பறவைகள் தினம். மே மாதமும் அக்டோபரும் இரண்டாவது சனிக்கிழமை வரும். புரட்டாசிச் சனியும்கூட. ஆட்டோ அண்ணன் நெற்றியில் நாமத்தோடு வந்தார். விரதம், சாயங்காலம் வரை டீ மட்டும்தான்.

தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் முன்னால் காலையிலேயே கூட்டம். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் போன ஊர். பாம்பனிலிருந்து வந்த ரயிலும் ஆட்களோடு போனது. அங்கே நான் நிற்கவில்லை. சங்கு மாலைக் கடைகளுக்கு நடுவே அந்தச் சுவரைப் பார்க்க மனம் வருவதில்லை.

சாலை முடியும் இடத்தில் ஒரு வட்டம், அதைத் தாண்டி மணல். இடது கைப்பக்கம் பாக் விரிகுடா, பெண் கடல், தகடாகக் கிடந்தது. வலது பக்கம் மன்னார் வளைகுடா, ஆண் கடல், சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வாடை தொடங்கிவிட்டால் இரண்டும் குணம் மாறிக்கொள்ளும் என்றான் சுண்டல் விற்ற பையன். அந்தக் கடலில் ஐந்து வயதிலிருந்து குளிக்கிறானாம். எதிரே தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்கும் உள்ளேதான்.

கூட்டம் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் வந்து, பெண் கடல் பக்கத் திட்டுகளை நோக்கி ஸ்கோப்பை, முக்காலியில் வைக்கும் தொலைநோக்கியை, போட்டேன். ஆலாக்கள், பழுப்புத்தலைக் கடற்காகங்கள், நடுவில் சிவப்பு மூக்கோடு இரண்டு காஸ்பியன் ஆலாக்கள். அவற்றுக்கு அந்தப் பக்கம் கறுப்பு வெள்ளையாக, உயரமாக, தடித்த கறுப்பு மூக்கோடு நண்டுதின்னிகள். பதினேழு எண்ணினேன், இரண்டாம் முறை எண்ணியபோதும் பதினேழு.

இந்தப் பறவையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. பாரசீக வளைகுடா, செங்கடல் ஓரங்களில் மணலுக்குள் வளை தோண்டி, ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும். வெயிலில் காயும் மணலின் சூடு அடைகாக்க உதவும். பெரும்பாலான கரைப்பறவைக் குஞ்சுகள் பொரித்த அன்றைக்கே தன் சாப்பாட்டைத் தானே தேடும். நண்டுதின்னிக் குஞ்சுக்குத் தாய் தகப்பன் கொண்டுவந்து ஊட்ட வேண்டும், அதுவும் வலசை வந்த பிறகும்கூட. அந்தப் பதினேழில் மூன்று, முதுகில் கறுப்புக்குப் பதிலாகச் சாம்பல். ஒன்று கூனிக் குறுகி, ஒரு பெரியதன் பின்னாலேயே நடந்தது. பெரியது சின்ன நண்டு ஒன்றைப் பிடித்தது, உதறியது, கால்களை உதிர்த்தது. சின்னது முன்னால் வந்து நின்றது. பெரியது நண்டைக் கீழே போட்டது. சின்னது எடுத்து விழுங்கியது. கடல் கடந்து வந்தும் ஊட்டிக்கொண்டிருக்கிறது. நேற்றைய வளைமூக்கு உள்ளான் குஞ்சின் நினைப்பு வந்தது. ஒரே கடற்கரை, இரண்டு விதமான வளர்ப்பு.

பத்து மணி வாக்கில் திட்டு முழுக்க ஒரே நொடியில் கிளம்பியது. காரணம் மனிதர்கள் இல்லை. பொரி வல்லூறு ஒன்று தாழ்வாக வந்து உப்புக்கொத்திக் கூட்டத்தைப் பிளந்தது. கூட்டம் வெள்ளையாகவும் பழுப்பாகவும் மாறி மாறித் திரும்பியது. வல்லூறு வெறுங்காலோடு போனது. அதுவும் வடக்கேயிருந்து வந்த பறவைதான்.

கரைவலை இழுத்தவர்களிடம் கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டு பக்கமும் பதினைந்து இருபது பேர், பெண்களும் சேர்ந்து, இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நடக்கிறார்கள். வலையின் மடி கரைக்கு வந்ததும் கடற்காகங்கள் தலைக்கு மேல். ஒரு அம்மா வெயிலுக்கு முக்காடு போட்டிருந்தார். "எதுக்கும்மா இந்தக் காக்காயப் போட்டோ புடிக்கிற? எங்களப் புடி" என்றார். பிடித்தேன். "நல்லாருக்கா?" என்று வாங்கிப் பார்த்து, "வேர்த்துப்போய் நிக்கிறேன், அழிச்சிரு" என்றார். அழித்துவிட்டேன்.

மதியம் ஓலைக் கொட்டகைக் கடையில் சாப்பாடு. மீன் வறுத்துத் தட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். விளைமீன் ஒன்று 120 ரூபாய், கணவாய் வறுவல் 100, சாப்பாடு 80. கடைக்கார அக்கா, "புரட்டாசில பாதி விலைக்குக்கூட ஆள் இல்ல, ஐப்பசி பொறக்கட்டும்" என்றார். முண்டு மிளகாய் அரைத்த மசாலா, தோல் மொறுமொறுவென்று, உள்ளே வெள்ளையாக இதழ் இதழாகப் பிரிந்தது. விரதக்கார அண்ணன் வெளியே ஆட்டோவில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் இலங்கைப் பக்கம் மின்னிக்கொண்டே இருந்தது. இங்கே ஒரு சொட்டு இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு. மண்டபம்

ராத்திரி இரண்டு மணிக்கு மழை. இடி, காற்று, கரண்ட் போய்விட்டது. காலையில் மண்டபத்தில் தோழியின் பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் தங்கிக்கொள் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். போனதும் பெரியம்மா சொன்ன முதல் வார்த்தை: "நல்ல நேரத்துல வந்த. கொல்லைல ஒரு குருவி வந்து கெடக்கு, பூனை பாத்துருச்சு. கூடை போட்டு மூடி வச்சிருக்கேன்."

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பனையோலைக் கூடை, மேலே ஒரு செங்கல். மெதுவாகத் தூக்கினேன். ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, வாலுக்கடியில் ரத்தச் சிவப்பு, தோளில் நீலம், கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, அதற்கு மேல் வெள்ளைப் புருவம். மைனாவைவிடச் சின்னது. வால் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. இடம் மாற்றுவதற்காகக் கையில் எடுத்தபோது மார்பெலும்பு விரலில் தட்டுப்பட்டது. இரண்டு பக்கமும் சதை வற்றியிருந்தது. இறக்கையில் அடி இல்லை. களைப்பு மட்டும்தான்.

மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் கூடுகட்டி, குளிருக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை இது. ராத்திரியில் பறக்கும். நேற்றைய மாதிரி மழையும் இடியும் வந்தால் வெளிச்சத்தைப் பார்த்து வீடுகளுக்குள் விழுந்துவிடும். சென்னையில்கூட ஒவ்வொரு அக்டோபரும் யாராவது ஒருவர் வீட்டுக் குளியலறையில், மாடிப்படியில் கண்டதாகப் போன் செய்வார்கள். கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். காற்றோட்டமான இருட்டுப் பெட்டி, சத்தமில்லாத இடம், பூனையும் காக்காயும் அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். இறக்கை தொங்கினால் மட்டும் வனத்துறையைக் கூப்பிடுங்கள். பெரியம்மா இதை ஒருவரும் சொல்லாமலே செய்திருந்தார். கேட்டால், "எங்கம்மா வீட்டுலயும் வரும். மழைக்கு முன்னாடி வர்ற விருந்தாளி, அடிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லும்" என்றார்.

பகல் முழுக்க அந்தப் பெட்டிக்குக் காவல்தான். நடுவில் மீன் குழம்பு, கருவாட்டு வறுவல், சுடுசோறு. இந்த வீட்டில் புரட்டாசி கிடையாது. தோட்டத்து மண்ணைக் கிளறி மண்புழு நாலு பிடித்து ஓலைமேல் போட்டேன். மூன்று மணிக்குப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. ஐந்தரைக்குப் பெட்டியைக் கொல்லை வேலியோரம் திறந்து வைத்தோம். இரண்டு தத்துத் தத்தி, வேப்பிலைச் சருகைப் புரட்டி ஒரு பூச்சியைத் தின்றது. அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு வாழைக்குள் போய்விட்டது. "சொல்லிட்டுப் போறதில்ல பாரு" என்று பெரியம்மா கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அக்டோபர் 13, திங்கள். கீழக்கரை, வாலிநோக்கம், சித்திரங்குடி

வெள்ளனக் கிளம்பிவிட்டேன். தோழியின் பெரியப்பா மகன் கார் ஓட்டினான், டீசலுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டான். கீழக்கரையில் டீ, பிறகு தொதல். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டியது, கால் கிலோ நூறு ரூபாய். கடைக்காரர் ஒரு துண்டு வெட்டிக் கையில் வைத்து, "தின்னு பாத்துட்டு அப்புறம் வாங்குங்க, அவசரமில்ல" என்றார். எண்ணெய் விரலில் ஒட்டியது, தொலைநோக்கி உருளை வழுக்கியபடியே வாலிநோக்கம் வந்து சேர்ந்தேன்.

வாலிநோக்கத்தில் உப்பளங்கள். மழை பிடித்தால் வேலை நின்றுவிடும் என்பதால் கடைசி உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு பெய்த மழையில் சில பாத்திகள் கரைந்துவிட்டன என்று ஒரு பெரியவர் கையை விரித்தார். கடல் தண்ணீர் தேக்கும் பெரிய பாத்திகளில் பவளக்காலி, பச்சைக்காலி, நெடுங்கால் உள்ளான்கள், எல்லாம் வேலை செய்பவர்களுக்குப் பத்தடி தள்ளி. ஒரு மூலையில் ஏழு பட்டைவால் மூக்கன்கள், தலையை முதுகில் செருகித் தூக்கம். இந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றுதான் 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர், பதினோரு நாள், எங்கேயும் இறங்காமல் பறந்தது. அது பொரித்து ஐந்து மாதம் ஆன குஞ்சு. இங்கே வருபவை அந்தப் பாதையில் போகிறவை இல்லை, ஆனாலும் அந்தத் தூக்கத்தைக் கெடுக்க மனம் வராமல் காரிலிருந்தே பார்த்தேன். உப்பளத்துப் பெரியவரிடம் சொன்னதும் அவர் எண்ணை இரண்டு முறை கேட்டார். "சோறு தண்ணி இல்லாமயா?" ஆமாம் என்றேன். குடலும் ஈரலும் சுருங்கி, உடம்பில் பாதி கொழுப்பாகக் கிளம்பும் என்றேன். கொஞ்ச நேரம் அந்த ஏழையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தூரத்தில் கத்திக்கொண்டிருந்த நாயைக் கல்லெடுத்து விரட்டினார்.

இங்கே இன்றைக்குத் தண்ணீர் அவ்வளவாக வற்றவில்லை. அட்டமி நவமிக்கு அப்படித்தான், அமாவாசை நெருங்கினால்தான் நன்றாக இறங்கும் என்று கரையில் பாசி காயப்போட்டிருந்த பெண்கள் சொன்னார்கள். அவர்களுக்குக் காலண்டரே இதுதான்.

சித்திரங்குடி போய்ச் சேர மதியம் இரண்டு மணி. 1989-லிருந்து பறவைகள் சரணாலயம், பக்கத்துக் காஞ்சிரங்குளமும் அப்படியே, இரண்டும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இந்த வருஷம் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்காலும் சேர்ந்திருக்கின்றன. கண்மாய் காய்ந்து கிடந்தது. கருவேலங்களில் போன வருஷக் கூடுகளின் குச்சிகள். ஆடு மேய்த்த தாத்தா, "தண்ணி வந்தாத்தேன் பறவை. வைகைத் தண்ணியும் மழையும் சேந்து வரணும். இல்லேன்னா எட்டிக்கூடப் பாக்காது" என்றார். நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் எல்லாம் வந்து அடையும் இடம். இன்றைக்குக் கண்மாய் நடுவில் ஒரு ஆள்காட்டிக் குருவி மட்டும் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

அக்டோபர் 14, செவ்வாய். காரங்காடு

தொண்டி போகும் வழியில் உள்ள மீனவக் கிராமம். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். வார நாள் என்பதால் நான் மட்டும்தான். கால்வாய் இரண்டு பக்கமும் நெருக்கமான அலையாத்தி, சேற்றில் குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்கள், அவற்றுக்கு நடுவே நண்டுகள். படகுக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். துடுப்பைச் சத்தமில்லாமல் போடுகிறார், பறவை தெரிந்தால் சொல்லாமலே நிறுத்துகிறார். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சேற்றுத் திட்டில் சின்னக் கோட்டான்கள் ஒன்பது. ஆந்தை இல்லை, இதுவும் ஒரு கரைப்பறவைதான். ஒன்று வளைந்த மூக்கை நண்டு வளைக்குள் கண் வரை விட்டு, தலையைத் திருப்பி, வளைவுக்கு வளைவு பொருந்தும்படி சுழற்றி, நண்டை இழுத்தது. கழுவுவதற்குத் தண்ணீர் ஓரம் வரை நடந்து போய், அலசித் தின்றது. ஒன்றின் காலில் உலோக வளையம் மின்னியது. எண் படிக்க முடியவில்லை. எத்தனையோ வருஷமாகக் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வளையம் மாட்டுகிறார்கள். அங்கே மாட்டியதாகவும் இருக்கலாம், வேறு நாட்டினுடையதாகவும் இருக்கலாம்.

"எழுதிக்குடுங்கக்கா, பேரெல்லாம்" என்றார் தம்பி. வருகிறவர்கள் கேட்கிறார்களாம், அவருக்கு ஊர்ப் பேர்தான் தெரியுமாம். அவர் சொன்ன ஊர்ப் பேரையும் நான் சொன்ன பேரையும் ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினோம். கோட்டான்கள் கடல் ஏறும் பெருக்கு நேரத்தில் எந்த மரத்தில் அடையும், வாடை பிடித்தால் எந்தப் பக்கம் மாறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் கேட்கக் கேட்கச் சொன்னார், அதையும் அதே நோட்டில் எழுதச் சொன்னேன், தேதி போட்டு.

கரையில் பெண்கள் குழு நடத்தும் கடையில் நண்டு சூப்பும் இறால் வடையும், இரண்டும் சேர்த்து 110 ரூபாய். வடையில் இறால் முழுசு முழுசாக இருந்தது. ராமநாதபுரம் பஸ் ஒன்றரை மணிக்கு வர வேண்டியது, இரண்டேகாலுக்கு வந்தது. அதுவரை நோட்டில் விட்டுப்போன பேர்களைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன், தம்பி அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்.